திருப்பத்தைத் தாண்டிய சத்தம்

வண்டி ஈசிஆர் கடற்கரைச் சாலையில் பாலம் ஏறி இறங்குகிற வரைக்கும் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த சாம் அதற்காகக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பஸ், லாரி, ஷேர் ஆட்டோ எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த பைக்கின் சத்தம் மட்டும் தகரத்தைச் சுண்டினாற்போலத் தனியாகப் பிரிந்து வயல்களைக் கடந்து வந்துவிடும். பாலம் இறங்கினால் காலனிக்குத் திரும்புகிற ரோடு. அங்கே சத்தம் தணிய வேண்டும். கியர் குறையும்போது ஒரு சின்ன உறுமல் எழுந்து அடங்க வேண்டும். பிறகு ஏரிக்கரை ஓரமாக, மேடு பள்ளம் பார்த்து, மெதுவாக நெருங்கி வர வேண்டும். அன்றைக்குத் தணியவில்லை. திருப்பத்துக்கு நேராக இன்னும் கொஞ்சம் கூடியது. கூடி, வடக்கே மாமல்லபுரம் பக்கமாகப் போய்த் தேய்ந்து, கடைசியில் காற்றோடு போயிற்று. ஓட்டிக்கொண்டு போனது அவன் மனைவி ரூத்.

பெட்ரோல் போடப் போயிருப்பாள் என்று நினைத்தான். பெட்ரோல் பங்க் அந்தப் பக்கம் இல்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வந்து சேர்ந்தாள்.

"இன்னா, லேட்டு?"

"ஸ்கூல்ல பீஸ் கட்ற நாளு. ஒரே கூட்டம்."

அவள் முகம் கழுவப் பின்பக்கம் போனதும் சாம் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வண்டியிடம் வந்தான். எஞ்சினுக்குக் கொஞ்சம் தள்ளியே கையை வைத்தான். அவள் வேலை பார்க்கிற புதுப்பட்டினத்திலிருந்து மட்டும் வந்த சூடு இல்லை அது. அதற்கு மேல் நிறைய தூரம் ஓடி வந்த சூடு. எரிந்த ஆயிலின் வாசனை கனமாக இருந்தது. அவன் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

வண்டியை அவன் வாங்கியது தொண்ணூற்று மூன்றில். கறுப்பு ஆர்எக்ஸ் ஹண்ட்ரட். அப்போது கல்பாக்கத்தில் ஒரு காண்டிராக்டரிடம் பைப் ஃபிட்டராக இருந்தான். காலனியில் அதுவரை மோட்டார் பைக் கிடையாது. காலனிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அவன் அப்பா ஏசுதாஸ் பண்ணை வேலைக்குப் போன காலத்தில், அந்தத் தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போய், தெரு முடிந்த பிறகுதான் ஏறுவார். இறங்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாக இறங்கிவிடும். சாம் புது வண்டியில் முதல் நாள் அந்தத் தெருவில் வந்தபோது வேகமாகவும் போகவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. இரண்டாவது கியரில் நிதானமாகப் போனான். சத்தம் மட்டும் இரண்டு பக்கச் சுவர்களிலும் பட்டு, வீடு வீடாக உள்ளே போய்விட்டு வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் வீட்டில் அதைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் மறுநாளும், அதற்கடுத்த நாளும் அதே இரண்டாவது கியரில்தான் போனான்.

அதற்குப் பிறகு எவ்வளவோ வண்டிகள் வந்துவிட்டன. நூறு மைல் ஓடினாலும் முணுமுணுக்காத வண்டிகள், லிட்டருக்கு இரண்டு மடங்கு தூரம் கொடுக்கிற வண்டிகள். கூட வேலை செய்த எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள். சாம் மாற்றவில்லை. புது வண்டிகள் ஆளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுகின்றன, அவ்வளவுதான் என்பான். இது அப்படியில்லை. கைப்பிடியைப் பாதி திருகுகிற வரைக்கும் சாதாரணமாக வரும். அதற்கு மேல் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடிக்கும். பிறகு பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் முன்னால் பாயும். அந்த இடம் எங்கே இருக்கிறதென்று கைக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவனுக்கு மாலை வேளைகளில் ரோட்டின் ஓரங்கள் மங்கத் தொடங்கின. எதிரே வருகிறவர்கள் திடீரென்று முளைத்தார்கள். சென்னையில் கண் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உள்ளே நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டு வருகிறது, நிறுத்த வழியில்லை என்றார்கள். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகி, சுனாமிக்கு அடுத்த வருடம் அந்தக் குழாயும் அடைபட்டது. வெளிச்சம், இருட்டு, அதற்கு நடுவில் அசைகிற ஏதோ ஒன்று, இவ்வளவுதான் மிச்சம். வேலை போயிற்று. கூட்டுரோட்டில் ஒரு எஸ்டிடி பூத்தில் காலை வேளையில் உட்கார்ந்தான். புதுப்பட்டினம் டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் ரூத்துக்கு வேலை இருந்தது. மகள் வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீடு ஓடியது.

வண்டியை மட்டும் அவன் விடவில்லை. தினமும் ஸ்டாண்டில் நிறுத்தியபடியே ஏறி உட்கார்ந்து, உதைத்துக் கிளப்பி, கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டிருப்பான். வாசலெங்கும் புகை. எதிர்வீட்டுப் பூவாயி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வருவாள்.

"அண்ணாத்த, இதுக்குக் கொசு மருந்து வண்டியே தேவலாம். சோத்துல வரைக்கும் பொகை நாத்தம் அடிக்குது."

"வண்டி நிக்கக் கூடாது பூவாயி. நின்னா போச்சி."

ரூத் ஓட்டிப் பழகட்டும் என்ற யோசனை அவனுடையதுதான். அவளுக்கு அதில் விருப்பமில்லை. ஸ்கூட்டி என்றால் பரவாயில்லை, நாற்பது வயதில் அந்த வண்டியில் உட்கார்ந்து போனால் ஊர் சிரிக்கும் என்றாள். அவன் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒருநாள் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, அவன் ஸ்டாண்டில் நின்ற வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத ஒரு வளைவில் உடம்பைச் சாய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் சுடிதார் மாற்றிக்கொண்டு, "வா, கத்துக் குடு" என்றாள்.

சவுக்குத் தோப்பை ஒட்டி ஆள் நடமாட்டமில்லாத ஒரு மண்ரோடு இருந்தது. அவள் முன்னால், அவன் பின்னால். அவள் இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவன் சத்தத்தைக் கேட்டான். "கிளச்ச மெதுவா வுடு. மெதுவா. இப்போ... மாத்து." அவள் மாற்றினாள். பல முறை நின்றது. இரண்டு முறை இருவரும் மணலில் விழுந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மாதத்தில் தார்ரோட்டுக்கு வந்தார்கள். காலனியில் சிரித்தவர்கள் சிரித்து முடித்து வேறு வேலை பார்க்கப் போனார்கள். ஞாயிறு மாலைகளில் இருவரும் மாமல்லபுரம் வரை போய், வறுத்த மீன் தின்றுவிட்டு வந்தார்கள். வழி நெடுக அவன் "மாத்து" என்பான், அவள் மாற்றுவாள். அந்த நாட்களில் சாம் நன்றாகத் தூங்கினான்.

ஒரு ஞாயிறு, திரும்பி வரும் வழியில், அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் கியரை மாற்றினாள். சரியான இடத்தில். அடுத்ததும் அப்படியே. அவன் சொல்ல நினைத்த சொல் வாயிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் பூஞ்சேரி தாண்டியதும் ரோடு காலியாகக் கிடக்க, அவள் கைப்பிடியை அந்த இடத்துக்கு மேல் திருகினாள். வண்டி மூச்சைப் பிடித்துப் பாய்ந்தது. "ஐயோ" என்று கத்தினாள். பயத்தில் கத்துகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் குறைக்கவில்லை. அவன் பிடித்திருந்த அவள் இடுப்பு சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் அவள் வண்டியில்தான் வேலைக்குப் போய் வந்தாள். சில மாதங்கள் கழித்துத்தான் அந்தச் சத்தம் முதல்முறையாகத் திருப்பத்தைத் தாண்டியது. பிறகு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை. பீஸ் கட்டுகிற நாள், ஆடிட் நாள், ஹெட்மிஸ்டரஸ் வீட்டுக் கல்யாண வேலை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னாள். சாம் கேட்டுக்கொண்டான். கேட்க நினைத்த ஒரு கேள்வி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வளர்ந்தது. ராத்திரி பக்கத்தில் அவள் படுத்திருக்கும்போது அவள் தலைமுடியில் உப்புக்காற்றின் பிசுபிசுப்பு இருக்கும். யாரோடு நின்றிருப்பாள் என்று நினைப்பான். உடனே அந்த நினைப்புக்காக வெட்கப்படுவான். வெட்கம் அடங்கியதும் மறுபடி நினைப்பான்.

அபிஷேக் என்ற பையன் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தது ஒரு ஞாயிறு காலையில். ரூத் சர்ச்சில் இருந்தாள். சாம் அன்று காய்ச்சல் என்று போகவில்லை. சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, பழைய டூஸ்ட்ரோக் வண்டிகள் என்றால் உயிர் என்று பையன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டான். யெஸ்டி பைக் ஒன்று, ராஜ்தூத் ஒன்று ஏற்கெனவே வைத்திருக்கிறானாம். ஆர்எக்ஸ் ஹண்ட்ரட் மட்டும் நல்லதாகக் கிடைக்கவில்லையாம். வாசலில் நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பேச்சில் மரியாதை இருந்தது, கூடவே அவசரமும் இருந்தது.

"ஒரிஜினல் சைலன்சர் அங்கிள். இதெல்லாம் இப்ப யாருகிட்டயும் இல்ல. ரெண்டு வாரமா விசாரிச்சு விசாரிச்சு இங்க வந்தேன்."

"வண்டிய எங்க பாத்த?"

"மாமல்லபுரம் தாண்டி. நாங்க ஒரு குரூப்பா வந்துட்டிருந்தோம். ஆன்ட்டி பின்னாடிலேருந்து வந்து எங்க எல்லாரையும் ஓவர்டேக் பண்ணிப் போய்ட்டாங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

சாம் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டான். "பின்னாடி யாருனா இருந்தாங்களா?" என்றான்.

"இல்லையே. தனியாத்தான் போனாங்க."

"எப்டி ஓட்னா?"

பையனுக்குக் கேள்வி புரியவில்லை. சாம் மறுபடி கேட்டான். "இல்ல தம்பி, எனக்குக் கண்ணு தெரியாது. அவ ஓட்றத நான் பாத்ததில்ல. எப்டி உக்காந்திருந்தா, எப்டிப் போனா, சொல்லு."

அபிஷேக் யோசித்தான். "கொஞ்சம் முன்னாடி குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. துப்பட்டாவ முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாங்க. முழங்கைய ஒடம்போட ஒட்டி வெச்சிருந்தாங்க. வளைவுல பிரேக்கே பிடிக்கல அங்கிள், அப்படியே சாஞ்சு எடுத்தாங்க. அப்பறம்..." அவன் சிரித்தான். "எதோ பாடிக்கிட்டே போனாங்கன்னு நெனைக்கறேன். வாய் அசைஞ்சுது."

சாம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில், "அடுத்த ஞாயித்துக்கிழம வா. குடுத்துடறேன்" என்றான்.

ரூத் வந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்.

"வண்டிய குடுத்துடலாம்னு கீறேன். சிறுசேரி பையன் ஒருத்தன் வந்துட்டுப் போனான்."

"நான் ஆபீஸுக்கு எதுல போறது?"

"ஸ்கூட்டி வாங்கிக்கோ. நீதான கேட்டுகினு இருந்த."

"அது அப்போ."

"இப்போ இன்னா? ஸ்கூட்டி அவ்ளோ தூரம் போவாதா?"

பூண்டுத் தோல் உரிகிற சத்தம் நின்றது. வெளியே பூவாயி வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பலேருந்து தெரியும்?" என்றாள் ரூத்.

"மொத நாள்லேருந்து. பாலம் எறங்கனா சத்தம் கொறையணும். கொறையல."

"அப்பவே கேக்க வேண்டியதுதான?"

"நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

அவனால் அதோடு நிறுத்த முடியவில்லை. "ஒன் பின்னாடி உக்காந்தா எனக்கு இன்னா கீது? ஒன் முதுகு கீது. காத்துகூட ஒன் மேல பட்ட மிச்சம்தான் எனக்கு. அதையாவது குடுக்கறியேன்னு இருந்தேன். இப்போ அதுவும் இல்லாம நீ தனியா போய்ட்டு வர."

"அதுக்கு வித்துடுவியா?"

"என் வண்டி."

"ஒன் வண்டிதான். யாரு இல்லன்னா?" அவள் எழுந்து வந்து சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். பூண்டு வாசனை அவன் கையிலும் ஒட்டிக்கொண்டது.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள். சாயங்காலம் கூட்டுரோட்டில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்கும். நெடுநேரம் ஒன்றும் இருக்காது. பிறகு செருப்புச் சத்தம் வந்து வீட்டுக்குள் போகும். சமைத்தாள், அவனுக்குப் போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கோபமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வாரத்தின் நடுவில் ஒருநாள், அவள் வரும் நேரத்தில், அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து உதைத்துக் கிளப்பினான். முறுக்கினான். புகை வந்தது, வாசனை வந்தது, கால்களுக்கு நடுவில் அந்த நடுக்கம் வந்தது. எல்லாம் இருந்தது. ஆனால் சத்தம் எங்கேயும் போகவில்லை. வாசலிலேயே நின்று அவனைச் சுற்றிக்கொண்டிருந்தது. பாலத்தில் ஏறி, இறங்கி, வயல்களைத் தாண்டி வருகிற ஒன்றை ஒரு வருடமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு இது வெறும் இரைச்சலாக இருந்தது. அவன் அணைத்துவிட்டான். அன்று பூவாயி வெளியே வரக்கூட இல்லை.

சனிக்கிழமை ரூத்துக்கு அரைநாள் வேலை. சாப்பிட்டுப் படுத்து எழுந்தவளிடம் சாவியை நீட்டினான்.

"நாளைக்கு அந்தப் பையன் வந்துடுவான். நீ போற எடத்துக்கு என்னை ஒருவாட்டி இட்டுனு போ."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை அவன் அறிந்தான். பிறகு சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஊர்த்தெரு, ஏரிக்கரை, ஈசிஆர். அவன் "மாத்து" என்று எங்கேயும் சொல்லவில்லை. அவளும் அவன் இருக்கிறான் என்று மெதுவாகப் போகவில்லை. தனியாகப் போகிறபோது எப்படிப் போவாளோ அப்படியே போனாள் என்று அவனுக்குத் தோன்றியது. முழங்கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. வளைவுகளில் அவளோடு சேர்ந்து அவனும் சாய்ந்தான். கல்பட்டறைகளில் உளி அடிக்கிற சத்தம் வந்து பின்னால் போயிற்று. மாமல்லபுரம் தாண்டியாயிற்று. தேவனேரிக்குக் கொஞ்சம் முன்னால், தோப்பு விட்டுப்போய்க் கடல் ரோட்டுக்குக் கிட்டே வருகிற ஓர் இடத்தில் வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தினாள். அலைச்சத்தம் மேலே வந்தது. சூடான எஞ்சின் டிக் டிக்கென்று ஆறியது.

"இங்க இன்னா கீது?" என்றான் சாம்.

"ஒண்ணும் இல்ல."

"கடை கிடை?"

"ஒண்ணும் இல்ல. மதகு ஒண்ணு கீது. அங்க ஒரு பனைமரம். அந்தாண்ட கடலு."

"யாருனா வருவாங்களா?"

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். கேள்வி அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் குரல் உயரவில்லை. "யாரும் வர மாட்டாங்க. வண்டிய நிறுத்துவேன். கொஞ்ச நேரம் நிப்பேன். திரும்பிடுவேன். அவ்ளோதான்."

"இதுக்கா பொய் சொன்ன?"

"இத இன்னான்னு சொல்றது? சும்மா போய்ட்டு வரேன்னா? எந்தப் பொம்பள வூட்ல அப்டிச் சொல்லிட்டுப் போறா?"

அவளே தொடர்ந்தாள்.

"நீயும்தான் போய்கினு இருந்த. ஷிப்ட் வுட்டு வருவ. பாலம் எறங்குவ. அதுக்கப்பறம் வண்டி நேரா போவும். நான் கொழந்தய கையில புடிச்சிகினு வாசல்ல நின்னுகினு இருப்பேன். கேட்டுகினுதான் இருப்பேன். வந்ததும் ஓவர்டைம்னு சொல்லுவ. என்னிக்காவது எங்க போனன்னு கேட்டேனா?"

சாம் வண்டியிலிருந்து இறங்கினான். அந்த நாட்களில் சத்தம் வீடு வரைக்கும் போகும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. வண்டியில் இருப்பவனுக்கு அது தன்னோடு மட்டும் வருவதாகத்தான் இருக்கும். அவள் எவ்வளவு நாள் அப்படி நின்றிருப்பாள், என்னவெல்லாம் நினைத்திருப்பாள் என்று கேட்க வாயெடுத்தான். கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

"அந்த மதகு எங்க கீது?"

அவள் அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மதகுச் சுவரில் வைத்தாள். வெயிலின் சூடு இன்னும் அதில் இருந்தது.

"நான் இங்க உக்காந்துகினு இருக்கேன். நீ போய்ட்டு வா."

"எங்க?"

"எங்கனா. ஒனக்குத் தோணுற வரைக்கும்."

"ஒன்ன தனியா ரோட்ல வுட்டுட்டா?"

"நான் எங்க போய்டப்போறேன்? போ."

அவள் தயங்கினாள். வண்டியிடம் போனாள். உதைக்காமல் நின்றாள்.

"நாளைக்கு அந்தப் பையன் வந்தா இன்னா சொல்லப் போற?"

"மொதல்ல கெளப்பு."

ஒரே உதையில் எஞ்சின் பிடித்தது. கல் நொறுங்க வண்டி தார்ரோட்டில் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர்கள் மாறின. மூன்றாவதில் அவள் நெடுநேரம் இழுத்தாள். அவனாக இருந்தால் அவ்வளவு நேரம் இழுத்திருக்க மாட்டான். எஞ்சின் மெல்லிய குரலில் கூவிக்கொண்டே போய், அவன் விட்டுவிடுமோ என்று நினைத்த இடத்தில் நான்காவதுக்கு மாறியது. சுவரைச் சுற்றி நீலப்புகையின் வாசனை நின்றது. சத்தம் வடக்கே சிறுத்துக்கொண்டே போயிற்று. திரும்புவாள் என்று அவன் நினைத்த தூரத்தில் அவள் திரும்பவில்லை.

அப்போது கடல் பக்கமிருந்து ஒரு ஃபைபர் போட்டின் மோட்டார் சத்தம் எழுந்தது. கரைக்கு வருகிறதா, கரையை விட்டுப் போகிறதா என்று தெரியவில்லை. தூரத்தில் அந்தச் சத்தமும் வண்டியின் சத்தமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. சாம் எழுந்து நின்றான். முகத்தைக் கடலுக்குத் திருப்பினான், பிறகு ரோட்டுக்குத் திருப்பினான். ஒன்று மங்கியது, இன்னொன்று மேலே வந்தது, அல்லது அதே ஒன்றுதான் மங்கி மறுபடி வந்தது. அலை ஒன்று விழுந்து இரண்டையும் மூடியது. அவன் தலையைச் சாய்த்து, பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கிற யாரையோ கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்வதுபோல, ஆளில்லாத ரோட்டோரத்தில் ஒரு கையை மெல்ல உயர்த்தினான்.